வாசகர் கேள்வி – பதில்: கல்லில் பெயர் வெட்டும் முன்

போரில் உயிர் நீத்த படைவீரர்களை நினைவுகூர்வது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். குடும்ப ஓய்வூதியம், கருணைத்தொகை பற்றிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: கார்கில் போரில் இறந்த எங்கள் ஊர்க்காரருக்கு நினைவுக்கல் வைக்க ஊர் இளைஞர்கள் பணம் திரட்டியிருக்கிறோம். கல்லில் என்னென்ன எழுத வேண்டும்? எப்படிப்பட்ட கல் வாங்குவது?
– வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: படை எண், பதவி, பெயர், வீர விருது, படைப்பிரிவு, இறந்த நாள், இறந்த இடம். இந்த ஏழும் பிழையில்லாமல் இருந்தால் போதும். கவிதையும் நன்கொடையாளர் பட்டியலும் இடம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு (கால்நடைக் கூட்டம்) மீட்டுப் பட்டான் (இறந்தான்) என்று நாலைந்து வரியில் முடித்திருப்பார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் யார், எங்கே, எதற்காக என்று நமக்குத் தெரிகிறது. இன்றைய பல கல்வெட்டுகளில் அமைச்சர் பெயர் மூன்று அங்குல எழுத்திலும் வீரரின் பட்டாலியன் எண் தப்பாகவும் இருக்கிறது.

விவரங்களை ஊரார் நினைவிலிருந்தோ பழைய செய்தித்தாளிலிருந்தோ எடுக்காதீர்கள். குடும்பத்தாரிடம் ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) இருக்கும். எண், பதவி, பெயர் மூன்றையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். படை எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வரும். அது எண்ணின் பகுதி. கல் தச்சர் அதைத் தேவையில்லாதது என்று விட்டுவிடுவார், கவனம். மற்றவற்றை அவருடைய ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு (பணிப்பதிவு அலுவலகம்) எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு (பொறியாளர் படை) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர். கடிதத்தில் வாரிசின் கையெழுத்தும் உறவுச் சான்றும் இருக்க வேண்டும். ஊர்க்குழு பெயரில் எழுதினால் பதில் வருவது கடினம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் அலைச்சல் குறையும்.

பிழை எங்கெங்கே வரும் என்று சொல்லிவிடுகிறோம். முதலாவது, நாள். இறந்த நாள் ஒன்று, உடல் ஊருக்கு வந்த நாள் வேறு. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க முடிந்ததோ ஜூலையில்தான். ஊர் மக்கள் நினைவில் நிற்பது இறுதி ஊர்வலம் நடந்த நாள். கல்லில் வர வேண்டியது களத்தில் வீழ்ந்த நாள்.

இரண்டாவது, படைப்பிரிவு. பல ரெஜிமென்ட்களிலிருந்து வீரர்களை எடுத்து அமைத்த ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் பணியாற்றும்போது இறந்தவருக்குத் தாய் ரெஜிமென்ட் தனியாக உண்டு. மேஜர் முகுந்த் வரதராஜன் வீழ்ந்தபோது இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்; அவருடைய தாய் ரெஜிமென்ட் ராஜ்புத். இரண்டையும் எழுதுவதே முறை. பட்டாலியன் எண் ரெஜிமென்ட் பெயருக்கு முன்னால் வரும்: சரவணனுக்கு '1-வது பட்டாலியன், பீகார் ரெஜிமென்ட்'.

மூன்றாவது, விருது. வீர விருதுகள் பெரும்பாலும் குடியரசு தினத்திலோ சுதந்திர தினத்திலோ அறிவிக்கப்படும். கல்வானில் 2020 ஜூன் 15 அன்று உயிர் நீத்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா 2021 குடியரசு தினத்தையொட்டித்தான் அறிவிக்கப்பட்டது. உங்கள் ஊர்க்காரர் 1999-ல் இறந்தவர் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. அண்மையில் இறந்தவருக்குக் கல் வைப்பவர்கள் மட்டும் பெயருக்குக் கீழே ஒரு வரி அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். பிறகு நெருக்கி வெட்டினால் கண்ணை உறுத்தும்.

நான்காவது, தலைப்பெழுத்து. ஆங்கில ஆவணத்தில் 'கே' என்று இருப்பது கருப்பையாவா காளிமுத்துவா என்று கேட்டு, தமிழில் 'க.'வா 'கா.'வா என்று குடும்பத்தார் சொல்கிறபடி போடுங்கள்.

இனி கல். மெருகேற்றிய கருங்கல் பலகை, 4 அடி உயரம், இரண்டரை அடி அகலம், தனியாக நிற்பதானால் குறைந்தது 50 மில்லிமீட்டர் கனம். எழுத்து வெட்ட மூன்று வழி சொல்வார்கள். லேசர் மலிவு, படமும் வரும். ஆனால் மேல்தோலை மட்டுமே சுரண்டும். நாலு வருடம் தூசியும் எண்ணெயும் படிந்தால் எழுத்து மங்கிவிடும். மணல் பீச்சி வெட்டுவது 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் போகும். கையால் உளி கொண்டு 'வி' வடிவில் வெட்டுவது இன்னும் ஆழம், கூலியும் கூடுதல். ஏழு வரிக்கு மணல் பீச்சலே போதும். மெருகிட்ட கறுப்பில் வெட்டிய இடம் வெளிர் சாம்பலாகத் தெரியும் என்பதால் பொன் வண்ணம் பூசத் தேவையில்லை. பூசினால் இரண்டு மூன்று வெயில் காலத்தில் பாதி உரிந்து, கல்லே பழுதானதுபோல் தெரியும். பெயருக்கு 50 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம் வையுங்கள். தமிழில் கொம்பும் சுழியும் நெருக்கம். அதைவிடச் சிறிதானால் 'ணி'யும் 'ளி'யும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும்.

பலகை வெட்டும் கடைகளில் பல இன்னும் பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன. நீங்கள் போனில் அனுப்பும் யூனிகோடு எழுத்தை அதற்கு மாற்றும்போது ஒற்றெழுத்தின் புள்ளி உதிரும், 'கொ' 'கெ'யாகிவிடும், 'ஸ்ரீ' சிதறும். அதனால் கணினித் திரையில் பார்த்துச் 'சரி' சொல்லாதீர்கள். முழு அளவில் தாளில் அச்சடித்து வாங்கி, குடும்பத்தார் ஒருவரும் வெளியாள் ஒருவரும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதைத் திருத்த முடியாது. மேலே ஒட்டுப்போட்டால் அடுத்த மழையில் ஒட்டு கழன்றுவிடும்.

அடித்தளத்தில் கல்லைப் பிடிக்கும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கல்லையோ காரையையோ பிளக்கும். கரிசல் மண்ணாக இருந்தால் அடித்தளம் இன்னும் ஆழம் போக வேண்டும். அந்த மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ஓரடி ஆழத்தில் நிறுத்திய கல் இரண்டு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும்.

கேள்வி: பேருந்து நிறுத்தம் அருகே நாற்சந்தியில் மார்பளவுச் சிலை வைக்கலாம் என்கிறார்கள். அனுமதி கிடைக்குமா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: கிடைக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ அனுமதி தரக்கூடாது என்று மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. ஊரே ஒன்றுகூடி இரவோடு இரவாக வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிறகு ஒருநாள் வருவாய்த் துறையும் காவல் துறையும் வந்து அகற்றும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர் அந்த வீரரின் தாய். அந்த நிலைமையை அவருக்கு உண்டாக்காதீர்கள்.

குடும்பத்தாரின் பட்டா நிலம், அவர் படித்த பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலக வளாகம் என்று பாருங்கள். பள்ளி என்றால் தலைமை ஆசிரியரின் வாய்மொழிச் சம்மதம் போதாது, கல்வித் துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பட்டா நிலமானாலும் சிலை என்று வரும்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

சிலையைவிடக் கல்வெட்டே நல்லது என்பது எங்கள் எண்ணம். ஃபைபர் சிலையின் வண்ணம் சில வருடத்தில் வெளுத்துவிடும். சிமென்ட் சிலையில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து மூக்கும் காதும் முதலில் உதிரும். வெண்கலம் நிற்கும், ஆனால் பல லட்சம் ஆகும். சிலைதான் என்று முடிவானால் சிற்பியிடம் சீருடைப் படத்தைக் கொடுத்துப் பதவிப் பட்டையைச் சரிபாருங்கள்: லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று, கூர் முனை கீழ்நோக்கி. நாயக்குக்கு மூன்று பட்டை வைத்தால் பதவி உயர்வு கொடுத்த மாதிரிதானே என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவரோடு பணியாற்றியவர்கள் வந்து பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

கேள்வி: திறப்பு விழாவில் கல்லைத் தேசியக்கொடியால் மூடி, விருந்தினர் விலக்குவதாக ஏற்பாடு. சரியா? இறுதிச் சடங்கில் ராணுவத்தினர் தந்த கொடியை வீட்டில் எப்படி வைப்பது?
– வாசகி, வேலூர்

பதில்: கூடாது. சிலையையோ நினைவுச் சின்னத்தையோ தேசியக்கொடியால் மூடுவது 1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டத்தில் குற்றம். வெள்ளைத் துணியாலோ ரெஜிமென்ட் வண்ணத் துணியாலோ மூடுங்கள். தேசியக்கொடி பக்கத்தில் தனியாகக் கம்பத்தில் பறக்கட்டும். அரசு மரியாதை, படைத்துறை மரியாதையுடனான இறுதிச் சடங்கில் மட்டும் கொடியைப் போர்த்தலாம். அப்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. அதனால்தான் அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆண்டு நினைவு நாளில் படத்தின் மீதோ சமாதியின் மீதோ அதைத் திரும்பப் போர்த்த வேண்டாம். நல்ல நோக்கமானாலும் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

மடிக்கும் முறை: கொடியைக் கிடையாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடியுங்கள். பிறகு இரு பக்கத்தையும் உள்நோக்கி மடித்தால் சக்கரமும், மேலும் கீழும் சிறிது காவியும் பச்சையும் மட்டும் தெரியும். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதானால் வெயில் படாத சுவராகப் பாருங்கள். காவி நிறம்தான் முதலில் வெளுக்கும்.

கேள்வி: என் அண்ணனுடைய பதக்கங்கள் கறுத்துவிட்டன. சீருடை, கடிதங்கள், போட்டோக்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, சிவகங்கை

பதில்: முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறோம். புளி, திருநீறு, பற்பசை, பித்தளை பாலிஷ் எதையும் பதக்கத்தில் தேய்க்காதீர்கள். இந்தியப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பதவியும் பெயரும் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பதக்கம் இன்னாருடையது என்பதற்குச் சான்றே அதுதான். வருடாவருடம் தேய்த்தால் கறுப்போடு பெயரும் போய்விடும். மகாவீர் சக்ராவும் வீர் சக்ராவும் வெள்ளி. நடுவில் உள்ள சின்னத்துக்கு மட்டும் பொன் முலாம். ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் முலாம் போய் வெள்ளி தெரியும். கறுப்பு இருந்தால் இருக்கட்டும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தூசி துடைத்தால் போதும். துடைக்கும்போது விரலில் வியர்வை இருக்கக் கூடாது. அந்த உப்புதான் பிறகு விரல்ரேகையாகக் கறுக்கும்.

கறுப்பு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வைத்திருக்கும் இடம். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்கச் செய்யும். செய்தித்தாளிலும் புது ப்ளைவுட்டிலும் அமிலம் கசியும். வழவழப்பான பி.வி.சி. உறையில் வைத்தால் செப்பு கலந்த பதக்கத்தில் பச்சை பூக்கும். அமிலமற்ற டிஷ்யூ தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான மூடியுள்ள பாலிப்ரொப்பிலீன் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் ஈரம் குடித்துவிட்டதைப் பார்த்தே மாற்றலாம். ரிப்பன் வெளுத்திருந்தால் புதியது போட்டுக்கொள்ளலாம், பழையதை எறியாதீர்கள். வரவேற்பறையில் மாட்டுவதற்கு நகல் பதக்கம் வாங்கிச் சட்டம் போட்டு, பின்பக்கம் 'நகல்' என்று எழுதிவைப்பதே புத்திசாலித்தனம். அசல் இரும்புப் பீரோவில் இருக்கட்டும்.

சீருடையைத் துவைப்பதா வேண்டாமா என்பது குடும்பத்தின் முடிவு. களத்திலிருந்து வந்த சீருடையில் மண்ணோ கறையோ இருந்தால் அப்படியே வைப்பது வரலாற்றுச் சான்றுக்கு நல்லது. மனம் தாங்காது என்றால் துவைப்பதும் தவறில்லை. எதுவானாலும் இஸ்திரி போடாதீர்கள். கறை இருந்தால் சூட்டில் நிரந்தரமாகிவிடும். டிரங்குப் பெட்டி துருப்பிடிக்கும், துருக்கறை துணியில் இறங்கும். கஞ்சியும் நீலமும் போகுமாறு இரண்டு தடவை அலசிக் காயவைத்த பழைய வேட்டியில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் அதே துணியை உருட்டி உள்ளே வைத்தால் மடிப்பில் இழை அறாது. வருடம் ஒருமுறை வேறு இடத்தில் மடியுங்கள். அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது, பிளாஸ்டிக் பொத்தானை இளக்கிவிடும். வேப்பிலையும் துணியில் பட்டால் கறை பிடிக்கும். பூச்சி அரித்திருந்தால் துணியை பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் டீப் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒருநாள் விடுங்கள். திறந்தால் ஈரம் துணியில் படியும்.

கடிதங்களை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு தாளைப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசை பழுப்பாக ஊறும். உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். உறையும் முக்கியம். முகவரியில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. ஆனால் யூனிட் பெயரும் தேதியும், முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் களத் தபால் நிலைய எண்ணும் கிடைக்கும். எந்த மாதம் எந்த யூனிட்டில் இருந்தார் என்பதை இவற்றை வைத்து வரிசைப்படுத்தலாம். கடிதங்களை 400 டி.பி.ஐ., போட்டோக்களை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து இரண்டு வெவ்வேறு வீடுகளில் நகல் வையுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காதீர்கள், முகம்தான் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். போட்டோவின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று மெல்லிய பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

கேள்வி: 1971 போரில் இறந்த என் சித்தப்பாவின் பெயர் டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட நினைவகம் அது. அமர், வீரதா, தியாக், ரக்ஷக் என்று நான்கு வட்டங்கள். பெயர்கள் இருப்பது தியாக சக்கரத்தில். விடுதலைக்குப் பின் வீழ்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கருங்கல் பலகை, பொன்னிற எழுத்து. திறந்தபோதே 25,942 பெயர்கள். இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் இறந்தவர்களும் இதில் அடக்கம். போகும் முன் நினைவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடிச் சுவர் விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்று தேடினால் வெயிலில் தலை சுற்றும். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் மாற்றிப் பாருங்கள்: 'சுப்பையா' என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள்.

கிடைக்கவே இல்லையென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நோயிலோ சாதாரண விபத்திலோ இறந்ததாகப் பதிவாகியிருந்தால் பெயர் வராது. படை நடவடிக்கையில் இறந்ததாகப் பதிவானவர்களுக்கே இடம். அப்படிப் பதிவாகியும் விடுபட்டிருந்தால் ரெக்கார்டு ஆபீஸுக்கு வாரிசு மூலம் எழுதுங்கள். சித்தப்பாவின் பதக்கங்கள் இருந்தால் ஒரு துப்பு: 1971-க்குப் 'பூர்வி ஸ்டார்' என்றால் கிழக்குக் களம், 'பஸ்சிமி ஸ்டார்' என்றால் மேற்கு.

மாலையில், வீழ்ந்த ஒரு வீரரின் நெருங்கிய உறவினர் மலர்வளையம் வைக்கும் நிகழ்ச்சி அங்கே நடக்கிறது. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அன்றைக்குப் போய்க் கேட்டால் ஆகாது. ரெஜிமென்ட் வழியாகவோ முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவோ கேளுங்கள். பதக்கங்களை உறவினர் அணிந்துகொண்டு போகலாம். வலது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். இடது மார்பு பெற்றவருக்கு மட்டுமே உரியது.

அவர் கடற்படையில் இருந்து, உடல் கிடைக்காமலே போனவர் என்றால் குஜராத்தை ஒட்டிய டையூ தீவையும் பாருங்கள். 1971 டிசம்பர் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட ஐ.என்.எஸ். குக்ரியோடு 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அந்தக் கப்பலின் மாதிரியைக் கடல் பார்த்த மேட்டில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வயதான பெற்றோரைத் திராஸ் நினைவிடத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறோம். எப்போது போகலாம்?
– வாசகர், கோவை

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை. இந்தக் கார்கில் போர் நினைவிடம் ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையில், தோலோலிங் மலையடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் சோஜி லா கணவாய் பனியால் அடைபடும். திராஸ் கடல்மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல். ஸ்ரீநகரில் இரண்டு நாள், சோன்மார்கில் ஓர் இரவு தங்கிப் போனால் மூச்சுத் திணறல் குறையும். இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். ஜூலை 26 கார்கில் விஜய் திவஸ் அன்று கூட்டமும் பாதுகாப்புக் கெடுபிடியும் அதிகம். ராணுவ அழைப்பு இருந்தால் மட்டும் அன்று போங்கள். இல்லையென்றால் ஆகஸ்டில் போனால் பெயர்ச் சுவர் முன்னால் நிதானமாக நிற்கலாம்.

கேள்வி: என் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தார் என்பார்கள். கல்லறை எங்கே என்று தெரியவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கல்லறை இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம், பெயர் இருக்கவும் வாய்ப்பு அதிகம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்களின் பதிவை இணையத்தில் கட்டணமில்லாமல் தேட வைத்திருக்கிறது. தேடுவதில் ஒரு சூட்சுமம்: நம்மவர்களின் ஒற்றைப் பெயர் 'குடும்பப் பெயர்' கட்டத்தில்தான் ஏற்றப்பட்டிருக்கும். முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதில் பெயரை நிரப்பிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டுபவர்கள் பலர். தேசம் இந்தியா, ஆண்டு 1942 முதல் 1945 என்று குறுக்குங்கள். கூடுதல் விவரத்தில் 'இன்னார் மகன், இன்ன ஊர்' என்று இருக்கலாம். மாவட்டப் பெயர் வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலில் இருக்கும்: டாஞ்சூர், டிரிச்சினாப்பள்ளி, டின்னவெல்லி, ராம்நாட். படை எண் தெரிந்தால் தேடல் ஒரே அடியில் முடியும். வீட்டில் பழைய பதக்கமோ தாளோ இருந்தால் முதலில் எண்ணைத் தேடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பர்ஸ், பயனியர் கோர், சப்ளைப் பிரிவு எல்லாவற்றிலும் தமிழர்கள் இருந்தார்கள்.

உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன, கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னம் உண்டு. இம்பாலிலும் கோகிமாவிலும் அப்படியே. மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் உள்ள கிராஞ்சி நினைவிடம். பெயர் கிடைத்தால் நினைவுச் சான்றிதழை இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழை இருந்தால் ஆதாரத்தோடு எழுதித் திருத்தக் கேட்கலாம். மலாயாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து இறந்தவராக இருந்தால் இந்தப் பதிவில் வரமாட்டார். வீட்டுப் பெரியவர்கள் 'பர்மா சண்டை' என்று சொல்வது இரண்டுக்கும் பொது. எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் ஆண்டு நினைவு நாள் நடத்துகிறோம். நிகழ்ச்சி எப்படி அமைய வேண்டும்?
– ஆசிரியை, நாமக்கல் மாவட்டம்

பதில்: நாற்பது நிமிடத்தில் முடியுங்கள். காலை 8 மணிக்குத் தொடங்கினால் மாணவர்கள் வெயிலில் மயங்கி விழமாட்டார்கள். வீட்டில் திதி கொடுப்பது வீரரின் குடும்பத்தார் வழக்கம். பள்ளியில் ஆங்கிலத் தேதியே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தலைமை ஆசிரியர் வந்தாலும் மாறாது.

குடும்பத்தாருக்கு முதல் வரிசையில் நிழலில் நாற்காலி. முதலில் வீரரின் விவரத்தை ஒரு மாணவர் படிக்கட்டும், நிகழ்ச்சியின் மற்ற எதுவும் அதற்கு முன் வேண்டாம். பிறகு மலர்வளையம். இரண்டு என்.சி.சி. மாணவர்கள் தாங்கி வர, முதலில் வைப்பவர் தாயோ மனைவியோ. விருந்தினர் அதற்குப் பிறகு. இதை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டால் மேடையில் தர்மசங்கடம் வராது. வளையத்தை இரு கையாலும் வைத்து, இரண்டடி பின்னால் வந்து, ஒரு கணம் நிற்க வேண்டும். சீருடையில் தொப்பியோடு இருப்பவர்கள் சல்யூட் வைக்கலாம், மற்றவர்கள் கைகூப்பினால் போதும். அடுத்து இரண்டு நிமிட மௌனம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொடக்கமும் முடிவும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முப்பதாவது நொடியில் யாராவது இருமி, கூட்டம் கலைந்துவிடும். பியூகிள் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் மௌனத்துக்கு முன் 'லாஸ்ட் போஸ்ட்', பின் 'ரவுஸ்'. ஆள் இல்லையென்றால் ஒலிபெருக்கியில் போட்டுக் கரகரக்க விடாதீர்கள், மௌனமே போதும்.

கைதட்டல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, செல்ஃபி எல்லாம் அன்றைக்குத் தவிர்க்கலாம். தாயை மேடையேற்றிப் பேசச் சொல்லாதீர்கள். அவரே விரும்பினால் மட்டும்.

கேள்வி: தம்பியின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் வண்ணமாக்கி, ஆவணங்களோடு முகநூலில் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வண்ணமாக்கும் மென்பொருளுக்கு ரிப்பன் நிறம் தெரியாது, ஊகிக்கும். வீர் சக்ரா ரிப்பன் பாதி கருநீலம், பாதி காவி. மகாவீர் சக்ரா பாதி வெள்ளை, பாதி காவி. மென்பொருள் இதை அதுவாக்கிவிடும், சில நேரம் இல்லாத பதக்கத்தையும் சேர்த்துவிடும், தொப்பிச் சின்னத்தைக் குழப்பிவிடும். அசலையும் பக்கத்தில் போட்டு, வண்ணம் கணினி தந்தது என்று எழுதுங்கள். பி.பி.ஓ., வங்கிப் புத்தகம், ஆதார் தெரியும் எதையும் போட வேண்டாம். அந்த விவரங்களை வைத்து 'ஓய்வூதிய நிலுவை வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று தாய்க்கோ தம்பி மனைவிக்கோ போன் வரும். எண், பதவி, யூனிட், நாள், இடம் மட்டும் போதும். ஓய்வூதியம் பற்றி யார் போன் செய்தாலும், வைத்துவிட்டு வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்கச் சொல்லி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.